நாண் ஏன் கத்துகிறது? காம்பவுண்ட் வில்லின் அதிர்வையும் சத்தத்தையும் அடக்குவது எப்படி

வீரன் நாணைச் சுண்டி ஒலியெழுப்பினால் எதிரிப்படை கலங்கிப்போகும் என்று நம் கதைகளில் அடிக்கடி வரும். போர்க்களத்தில் அந்த நாணொலி பெருமை. வேட்டையில் காரியத்தைக் கெடுப்பதே அதுதான். 20 கெஜத்தில் நிற்கும் மானின் காதில் வில்லின் ஓசை விழுந்ததும், பாய்ந்து ஓடுவதற்காக அது முதலில் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும். நெஞ்சுக்குக் குறிவைத்த அம்பு முதுகுக்கு மேலே பறந்துவிடும். அல்லது படக்கூடாத இடத்தில் பட்டு, காயத்தோடு விலங்கு ஓடிவிடும்.

‘வேகமான வில் வாங்கிவிட்டால், சத்தம் போய்ச் சேருமுன் அம்பு போய்விடாதா?’ புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கணக்கைப் பார்த்துவிடுவோம். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர். வினாடிக்கு 300 அடி போகும் அம்பு வேகமானதுதான். ஆனாலும் அது 91 மீட்டர் மட்டுமே. 20 கெஜம் என்பது 18.3 மீட்டர். ஒலி அதை 0.05 வினாடியில் கடக்கும், அம்புக்கு 0.20 வினாடி ஆகும். விலங்குக்கு 0.15 வினாடி முன்னறிவிப்பு கிடைக்கிறது. 40 கெஜத்தில் அது கிட்டத்தட்ட 0.29 வினாடி. வேகத்தை வினாடிக்கு 20 அடி கூட்டினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. ஒலியை முந்த எந்த வில்லாலும் முடியாது. ஓசையைக் குறைக்கத்தான் முடியும்.

அதற்கு முதலில், ஓசை எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும்.

அம்பு எடுத்துக்கொள்ளாத மிச்சம்

காம்பவுண்ட் வில் என்பது நுனிகளில் சக்கரங்கள் பூட்டிய நவீன வில். நாணை இழுக்கும்போது அதன் மேலும் கீழும் உள்ள லிம்ப்கள் (வளையும் கைகள்) வளைந்து ஆற்றலைச் சேமிக்கின்றன. விட்டதும் அந்த ஆற்றலில் பெரும்பகுதி அம்புக்குப் போகிறது. முழுவதும் போவதில்லை. அம்போடு சேர்ந்து நாண், கேம்கள் (லிம்ப் நுனிகளில் சுழலும் சக்கரங்கள்), அவற்றை இணைக்கும் கேபிள்கள், லிம்ப் நுனிகள் எல்லாமே ஓடத் தொடங்கியிருக்கும். அம்பு நாணைவிட்டுக் கழன்றதும் இவை அத்தனையும் சட்டென்று நின்றாக வேண்டும். ஓடுகிற பேருந்து திடீரென பிரேக் போட்டால் உள்ளே இருப்பவை எல்லாம் ஆடுவதைப் போல, அந்த மிச்ச ஆற்றல் வில் முழுவதையும் ஆட்டுகிறது. கைக்கு அது உதறலாக வருகிறது, காதுக்கு ஓசையாக.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. 70 பவுண்டு வில் (நாணை இழுக்க அதிகபட்சம் அவ்வளவு விசை தேவைப்படுவது) ஒன்று 110 ஜூல் ஆற்றலைச் சேமிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 350 கிரெயின் அம்பு (22.7 கிராம், 1 கிராம் என்பது சுமார் 15.4 கிரெயின்) வினாடிக்கு 300 அடி வேகத்தில் போனால், அது கொண்டுபோவது சுமார் 95 ஜூல். மிச்சம் 15. கொஞ்சம் உராய்வில் வெப்பமாகிவிடும், மற்றது வில்லிலேயே தங்கும். 15 ஜூல் என்றால் சின்ன எண்ணாகத் தெரியலாம். ஒன்றரைக் கிலோ கல்லை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து மேசைமேல் போட்டுப் பாருங்கள். அதுதான் 15 ஜூல்.

ஆகவே ஓசையைக் குறைக்கும் வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது. மிச்சத்தையே குறைப்பது முதலில். அந்த மிச்சம் கிலுகிலுப்பை ஆட்டுவதற்கு எதுவும் கிடைக்காமல் செய்வது அடுத்தது. வில்லின் ஒழுங்கைச் சரிபார்ப்பது மூன்றாவது. ரப்பர் ஒட்டுவது கடைசி. பெரும்பாலானவர்கள் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள், ஏனென்றால் ரப்பர் பொட்டலத்தில் கிடைக்கிறது. தளர்ந்த திருகைத் தேடிப் பிடிக்கும் பொறுமை எந்தப் பொட்டலத்திலும் கிடைக்காது.

அம்பின் எடை: முதலில் தொட வேண்டியது

ஒரே வில்லில் கனமான அம்பைத் தொடுத்தால் அது மெதுவாகக் கிளம்பும். நாணோடு கூடுதல் நேரம் இருக்கும். சேமித்த ஆற்றலில் கூடுதல் பங்கை வாங்கிக்கொண்டு போகும். மேலே சொன்ன வில்லில் 450 கிரெயின் அம்பு வினாடிக்கு 268 அடி வேகத்தில் போகிறது என்றால், அது கொண்டுபோவது 97 ஜூலுக்கு மேல். இரண்டரை ஜூல்தானே என்று தோன்றும். மிச்சமாக இருந்த 15-இல் அது சுமார் ஆறில் ஒரு பங்கு. காதுக்கு வித்தியாசம் தெளிவாகத் தெரியும்: ‘டங்’ என்ற ஓசை ‘தொப்’ என்று இறங்கும்.

தயாரிப்பாளர்கள் பெட்டிமேல் அச்சிடும் வேகம் பொதுவாக 70 பவுண்டு, 30 அங்குல இழுப்பு, 350 கிரெயின் அம்பு என்ற அளவில் எடுக்கப்பட்டது. அதாவது ஒரு பவுண்டுக்கு 5 கிரெயின். பெரும்பாலான வில்களுக்கு இதுதான் குறைந்தபட்ச எல்லை. கீழே போனால் வில் சேதமாகும், உத்தரவாதமும் போய்விடும். வேட்டைக்குப் பவுண்டுக்கு 6 முதல் 8 கிரெயின் வரை வைத்துக்கொள்ளலாம். 60 பவுண்டு வில்லுக்கு அது 360 முதல் 480 கிரெயின். சமையலறை டிஜிட்டல் தராசு ஒரு கிராம்வரைதான் காட்டும், அது போதாது. கிரெயின் காட்டும் சின்னத் தராசில் முனை, இறகு எல்லாம் பொருத்திய முழு அம்பை வைத்து நிறுங்கள்.

எடை கூட்ட எளிய வழி, 100 கிரெயின் முனைக்குப் பதில் 125 கிரெயின் முனை. ஆனால் முன்பக்கம் கனம் கூடினால் தண்டு எய்யும்போது அதிகமாக வளையும். தண்டின் விறைப்பு எண் அதற்கு ஈடுகொடுக்கிறதா என்று தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்த்த பிறகே மாற்ற வேண்டும். வளைவு மிஞ்சினால் அம்பு, தன்னைத் தாங்கும் ரெஸ்டில் உரசும்; ஒரு சத்தத்தைக் குறைக்கப்போய் இன்னொன்றை வாங்கிவந்த கதையாகிவிடும். வேகம் குறைவதால் அம்பு கூடுதலாகத் தாழும். குறிபார்க்கும் கருவியான சைட்டின் பின்களை (குறிப்புள்ளிகளை) ஒவ்வொரு தூரத்துக்கும் மறுபடி அமைக்க வேண்டும்.

இந்தக் கணக்கின் மறுகோடிதான் அம்பே இல்லாமல் நாணை விடுவது. அப்போது முழு 110 ஜூலும் வில்லுக்குள்ளேயே வெடிக்கிறது. லிம்ப் பிளக்கலாம், நாண் கேமைவிட்டுத் தெறிக்கலாம், கண்ணும் கையும் போகலாம். வேடிக்கைக்காகக்கூட வெறும் நாணை இழுத்து விடாதீர்கள். அம்பின் வாலில் நாணைக் கவ்வும் குதை தளர்வாக இருந்தாலும் இதே விபத்து நடக்கும், அம்பு நழுவினால் அதுவும் வெறும் நாண்தான். சரிபார்க்கும் முறை: அம்பை முனை கீழே பார்க்க நாணிலிருந்து தொங்கவிடுங்கள். தானாக விழக்கூடாது, நாணை விரலால் லேசாகத் தட்டினால் விழ வேண்டும். விரிசல் கண்ட குதையை அப்போதே மாற்றிவிட வேண்டும்.

தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தல்

புது வில்லில் வரும் எரிச்சலூட்டும் ஓசைகளில் பலவற்றுக்குத் தளர்ந்த பாகங்களே காரணம். பரிசோதனைக்குக் கருவி வேண்டாம். வில்லை ஒரு கையில் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, மறுகையில் ஸ்க்ரூடிரைவரின் ரப்பர் பிடியால் வில்லின் நடுச்சட்டமான ரைசரை லேசாகத் தட்டுங்கள். இறுக்கமான வில் மந்தமாக ஒருமுறை ஒலித்து அடங்கும். தளர்ந்த வில் ‘ஜிர்ர்’ என்று இழுக்கும். இப்போது ஒவ்வொரு பாகத்தையும் விரலால் அழுத்திக்கொண்டே திரும்பத் தட்டுங்கள். எதை அழுத்தும்போது ‘ஜிர்’ நிற்கிறதோ, அதுதான் குற்றவாளி.

வரிசையாகப் பார்க்க வேண்டியவை: சைட்டை ரைசரோடு பிடித்திருக்கும் திருகுகள், சைட்டின் தனித்தனிப் பின்கள், அதிலுள்ள நீர்மட்டக் குழாய், சைட் விளக்கு, ரெஸ்டின் திருகு, நாண் தடுப்பானின் கம்பி, கேபிளை அம்பின் வழியிலிருந்து விலக்கிவைக்கும் கேபிள் கார்டின் திருகு, வில்லை நிலைநிறுத்தும் கம்பியான ஸ்டெபிலைசரின் மரை, அம்பறாத்தூணியைப் பூட்டும் கொக்கி. மணிக்கட்டுப் பட்டையில் உலோக வளையம் இருந்தால் அதையும் விடாதீர்கள்.

தளர்ந்த திருகைக் கழற்றி, மரையைத் துடைத்து, நீலநிறத் திருகுப் பசை ஒரு சின்னத் துளி வைத்து, அளவாக இறுக்கி, ஒரு நாள் காயவிடுங்கள். சிவப்புப் பசை வேண்டாம். அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டும், சூடு பட்டால் பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக், பூச்சு, லிம்ப் எல்லாம் கெடும். ரைசர் பெரும்பாலும் அலுமினியம். முழு பலத்தையும் காட்டி இறுக்கினால் மரை சிதைந்துவிடும். லிம்ப் திருகுகளில் பசையே வைக்காதீர்கள், அவை பின்னால் திருகித் திருத்துவதற்கென்றே இருப்பவை.

அம்பறாத்தூணிக்குத் தனிக் கவனம் தேவை. வில்லோடு பூட்டிய தூணி கிட்டத்தட்ட ஒரு கிலுகிலுப்பை: உள்ளே நிற்கும் அம்புகளின் இறகுகள் ஒன்றோடொன்று மோதும், ரப்பர் கவ்வி தேய்ந்திருந்தால் தண்டு ஆடும், மேல் கூண்டின் நுரை நைந்திருந்தால் முனைகள் பிளாஸ்டிக்கில் தட்டும். தூணியோடு மூன்று அம்பு, தூணியைக் கழற்றிவைத்து மூன்று அம்பு எய்து பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால், காத்திருக்கும் இடத்தில் தூணியைக் கழற்றி அருகில் தொங்கவிடுவதுதான் எளிய தீர்வு.

எய்வதற்கு முன்பே வரும் ஓசை

நாணை இழுக்கும்போது வரும் சின்ன ‘கிரீச்’, எய்யும்போது வரும் பெரிய சத்தத்தைவிட மோசமானது. அம்பு இன்னும் கையில் இருக்கும்போதே விலங்கு தலை தூக்கிவிடும். வெண்வால் மானின் செவி 4,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையான ஓசையை நன்றாகப் பிடிக்கும். உலோகக் ‘கிளிங்’கும் இந்தக் கிறீச்சும் அந்தப் பக்கத்தில்தான் விழுகின்றன.

கார்பன் தண்டு வெறும் உலோக ரெஸ்டில் உராய்ந்தால் கீச்சிடும். பின்னால் பசையுள்ள ஃபெல்ட் துணியை ரெஸ்டின் கைகளிலும், அம்பு தவறி விழக்கூடிய ரைசர் மேடையிலும் ஒட்டுங்கள். ஒட்டுமுன் ஸ்பிரிட்டால் துடைக்காவிட்டால் ஈரத்தில் உரிந்துவிடும். அம்பு கிளம்பியதும் கீழே விழும் வகை ரெஸ்ட் என்றால், அதன் கை வந்து மோதும் இடத்திலும் ஒரு துண்டு வேண்டும். அது மேலே துள்ளி வந்தால் இறகில் அடிக்கும். சந்தேகமிருந்தால் ரெஸ்டின் மேல் பவுடர் தூவி ஓர் அம்பு எய்யுங்கள். கோடு விழுந்த இடம் உண்மையைச் சொல்லிவிடும்.

கேபிளைப் பக்கவாட்டில் இழுத்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் ஸ்லைடு கீச்சிட்டால், கம்பியை உலர்ந்த துணியால் துடைத்து, உலர்வகை சிலிக்கான் அல்லது கிராஃபைட் தடவுங்கள். எண்ணெய் தடவினால் இரண்டு நாள் அமைதி, பிறகு தூசி சேர்ந்து முன்னைவிட மோசம். நாண் மெழுகை இழைகள் தெரியும் பகுதியில் மட்டும் தடவி, விரல் சூட்டில் உள்ளே இறங்கும்வரை தேயுங்கள். நூல் சுற்றிய பகுதிக்கு மெழுகு தேவையில்லை.

கேம்கள் ஒரே நேரத்தில் நிற்கின்றனவா?

இரண்டு கேம் உள்ள வில்லில் ஒன்று முந்தி ஒன்று பிந்தி நின்றால் நாண் நேராக ஓடாது. குதை மேலும் கீழும் அலைந்துகொண்டே போகும், உதறல் கையில் முள்போல் குத்தும். பரிசோதிக்க, அம்பைத் தொடுத்து இலக்கைப் பார்த்தபடி மெதுவாக முழு இழுப்புக்குப் போங்கள். பக்கவாட்டில் நிற்கும் ஒருவர் இரண்டு கேம்களின் நிறுத்திகளும் ஒரே கணத்தில் தொடுகின்றனவா என்று பார்க்கட்டும். ஒன்று பிந்தினால் கேபிளில் முறுக்கு ஏற்றியோ இறக்கியோ திருத்த வேண்டும். அதற்கு, லிம்ப்களை அழுத்தி நாணைத் தளர்த்தும் வில் அழுத்தி என்ற கருவி தேவை. அது இல்லாமல் நாணையோ கேபிளையோ கழற்ற முயல்வது விபத்துக்கு அழைப்பு. கருவி உள்ள தொழில்நுட்பரிடம் கொடுத்துவிடுவது மேல்.

இழுப்புப் பவுண்டைக் குறைத்தாலும் ஓசை குறையும். இரண்டு லிம்ப் திருகுகளையும் சமமாக, கால் சுற்றுக் கால் சுற்றாக இறக்குங்கள். பல வில்களில் ஒரு முழுச்சுற்றுக்கு 2 முதல் 3 பவுண்டு குறையும். எத்தனை சுற்றுக்கு மேல் இறக்கக்கூடாது என்பது வில்லின் கையேட்டில் இருக்கும். அதைத் தாண்டினால் லிம்ப் இருக்கையைவிட்டுக் கழன்றுவிடும்.

கடைசியில் ரப்பர்

ரப்பர் அதிர்வை எங்கோ அனுப்பிவிடுவதில்லை. தானே நெளிந்து, உள்ளுராய்வில் அந்த ஆற்றலைச் சூடாக மாற்றுகிறது. நெளிய வேண்டுமென்றால் அது ஒட்டியிருக்கும் இடம் நன்றாக ஆட வேண்டும். அதிராத இடத்தில் ஒட்டிய ரப்பர் வெறும் அலங்காரம். லிம்பின் நுனிப்பக்கம், நாண், நீட்டிக்கொண்டிருக்கும் சைட் கை ஆகியவை ஆடும் இடங்கள். ரைசரின் பிடிக்குப் பக்கத்தில் ஒட்டிப் பயனில்லை.

இருப்பவற்றில் அதிகப் பலன் தருவது நாண் தடுப்பான். ரைசரிலிருந்து பின்னோக்கி வரும் கம்பியின் நுனியில் ஒரு ரப்பர் மொட்டு. ஓடிவரும் நாண் அதில் மோதி நிற்கும். இதன் இடைவெளிதான் எல்லாமே. வில் ஓய்வில் இருக்கும்போது மொட்டுக்கும் நாணுக்கும் நடுவே 1 முதல் 1.5 மில்லிமீட்டர் போதும். இரண்டு பிளாஸ்டிக் வங்கி அட்டைகளைச் சேர்த்து நுழைத்தால் லேசாக உரசிப்போகும் அளவு. மொட்டு நாணைத் தள்ளிக்கொண்டிருந்தால், அம்பு கழலுமுன்பே நாணைத் தட்டி அம்பின் போக்கைக் கெடுக்கும். 5 மில்லிமீட்டர் விலகியிருந்தால் நாண் பாதி ஆட்டத்தை ஆடிமுடித்த பிறகே தடுப்பானைத் தொடும். நாண் மொட்டின் நடுவில் விழுகிறதா என்று மொட்டின் முகத்தில் பதிந்திருக்கும் தடத்தைப் பாருங்கள். நாண் காலப்போக்கில் நீண்டால் இந்த இடைவெளி மாறும். மாதம் ஒருமுறை அட்டையைச் செருகிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது நாணில் கட்டும் ரப்பர் குஞ்சங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று. கேமிலிருந்து சம தூரத்தில், 5 முதல் 8 சென்டிமீட்டர் தள்ளி. நாணின் நடுப்பகுதிதான் மிக வேகமாக ஓடுவது, அங்கே எடை கூட்டினால் அம்பின் வேகம் அதிகமாகக் குறையும். கேமுக்கு அருகே இழப்பு சொற்பம். மிகவும் ஒட்டிவைத்தால் கேமின் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும், அதனால்தான் அந்த இடைவெளி. நூலால் இரண்டு பக்கமும் கட்டி நகராமல் செய்யுங்கள். சில நாண்களில் கேமுக்கு அருகே சின்ன எடை மணிகள் ஏற்கெனவே இருக்கும். அவை வேகத்துக்காகத் தயாரிப்பாளர் வைத்தவை, அவற்றை நகர்த்தாதீர்கள். ரோமக் குஞ்சமும் அமைதியானதுதான், மழையில் நனைந்தால் கனத்துவிடும்.

லிம்ப் ரப்பர்கள் கையின் உதறலைத்தான் கூடுதலாகக் குறைக்கும், ஓசையைக் கொஞ்சம்தான். ஸ்டெபிலைசரும் அப்படியே. 6 முதல் 10 அங்குல நீளமும் நுனியில் எடையும் உள்ள கம்பி வில்லை நிலைநிறுத்தும். எடைக்கும் கம்பிக்கும் நடுவே ரப்பர் இருந்தால் உதறல் தணியும். சத்தம் போகும் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

வில்லை முஷ்டியாக இறுக்கிப் பிடிப்பவருக்கு எந்த ரப்பரும் உதவாது. பிடி கட்டைவிரலின் அடிச்சதையில் அமர, விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும்; வில் முன்னால் துள்ளுவதை மணிக்கட்டுப் பட்டை பார்த்துக்கொள்ளும். இறுக்கிப் பிடித்தால் வில் திருகும், நாண் கோணலாக ஓடும், உதறல் முழுதும் முழங்கைக்கு ஏறும்.

அளந்து பார்ப்பது

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றத்துக்கு முன் மூன்று அம்பு, பின் மூன்று அம்பு. கைபேசியை உங்களுக்குப் பக்கவாட்டில் 2 மீட்டரில், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வைத்துப் பதிவுசெய்து, காதுக்கருவியில் கேட்டு ஒப்பிடுங்கள். டெசிபல் செயலிகள் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். வில்லின் ஓசை போன்ற கண நேர வெடிப்பை அவற்றால் சரியாகப் பிடிக்க முடியாது. இலக்கை 20 கெஜத்துக்குக் குறையாமல் வையுங்கள். 5 கெஜத்தில் எய்தால், அம்பு இலக்கில் மோதும் ‘தப்’ வில்லின் ஓசையோடு கலந்து, எதைக் கேட்கிறோம் என்றே தெரியாது. விலங்கு நிற்கும் பக்கத்திலிருந்து கேட்க வேண்டுமானால் கைபேசியை மட்டும் இலக்கின் அருகே கெட்டியான மறைப்புக்குப் பின்னால் வைக்கலாம். ஆள் ஒருபோதும் முன்னால் நிற்கக்கூடாது.

அந்தப் பதிவில் சில நேரம் வில்லுக்குச் சம்பந்தமில்லாத சீழ்க்கை ஒன்று கேட்கும். அது துளையுள்ள அகல முனையிலோ கிழிந்த இறகிலோ காற்று ஊதுவது. முனையையோ இறகையோ மாற்றினால் போய்விடும்.

வினாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்ட வீடியோவும் நல்ல ஆசான். பக்கவாட்டிலிருந்து எடுத்து, அம்பு கழன்ற பிறகு நாண் எத்தனை படங்கள்வரை ஆடுகிறது, தூணி எவ்வளவு குலுங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அமைதியாக இருந்த வில் ஒரு நாள் திடீரென்று புது ஓசை எழுப்பினால், அதை ரப்பரால் மூடிவிட நினைக்காதீர்கள். எய்வதை அப்போதே நிறுத்துங்கள். பஞ்சு உருண்டையை லிம்பின் ஓரங்களில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் பஞ்சின் இழை அங்கே மாட்டும். கேம் அச்சின் இரு முனையிலும் பூட்டு வளையங்கள் இடத்தில் இருக்கின்றனவா, நாணில் அறுந்த இழை நீட்டிக்கொண்டிருக்கிறதா, கேமின் விளிம்பு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று கண்டாலும் அந்த வில் அடுத்து போக வேண்டிய இடம் பழுதுபார்ப்பவரின் மேசை.